ஏழாம் மண்டலத்தில் காலை ஏழு மணி

எங்கள் வானொலி நிலையத்தில் அந்த அம்மாளுக்கு ‘ஏழுமணி’ என்று பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாராவது வைத்திருந்தால் இன்னும் மோசமாக வைத்திருப்பார்கள், எங்கள் ஆட்களின் வாய் அப்படி. தினமும் காலை ஏழு மணிச் செய்தி வாசிப்பது அவர் வேலை. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்தக் காலை ஏழு மணிச் செய்தியை அவர் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வாசித்துக்கொண்டிருப்பார், அதுதான் அதிசயம்.

நாடு அப்படிப்பட்ட நாடு. கிழக்குக் கோடியில் தலைநகரத்துக்காரன் பல் தேய்க்கும்போது மேற்குக் கோடியில் இருப்பவன் போர்த்திக்கொண்டு குறட்டை விடுவான். எல்லாரும் ஒரே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அழ முடியாது என்று யாரோ புண்ணியவான்கள் நாட்டை ஏழு நேர மண்டலங்களாகப் பிரித்தார்கள். தலைநகரம் முதல் மண்டலம். அங்கிருந்து மேற்கே ஒவ்வொரு மண்டலம் தாண்டும்போதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். பள்ளிக்கூடத்துப் படத்தில் கோடுகள் நேராகத்தான் இருக்கும். நிஜத்தில் அந்தக் கோடு மாகாண எல்லையைப் பார்த்து வளையும், செல்வாக்குள்ள ஊரைக் கண்டால் கும்பிடு போட்டுச் சுற்றிக்கொண்டு போகும். மூன்றாம் மண்டலத்துக்கும் நாலாம் மண்டலத்துக்கும் நடுவில் ஓர் ஆற்றுப் பாலம் இருக்கிறது. காலையில் மேற்கே வேலைக்குப் போகிறவன் ஒரு மணி நேரம் லாபத்தில் போவான், சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவான். ரயில்வேக்காரன் எந்த ஊரிலும் தலைநகர் நேரம்தான் என்பான். விமானக்காரன் அந்தந்த ஊர் நேரம் என்பான். அதனால் எங்கள் நாட்டில் தொலைபேசியை எடுத்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “உங்க நேரமா, எங்க நேரமா?” கல்யாணம் பேசுகிறவர்களிலிருந்து கடன் கேட்கிறவர்கள் வரை இதைக் கேட்காமல் ஒருத்தரும் பேச்சை எடுப்பதில்லை.

ஒவ்வொரு மண்டலத்துக்கும் அதனதன் காலை ஏழு மணிக்குச் செய்தி போக வேண்டும். எல்லாம் தலைநகரத்திலிருந்து போகும். ஆறாம் மண்டலம் மட்டும் பெரிய பெரிய தொழிற்சாலைகள் உள்ள இடம், அதற்குச் சொந்தமாக நிலையம் இருந்தது. ஆக எங்கள் கடிகாரத்துக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஐந்து முறை காலை ஏழு மணி அடிக்கும். பன்னிரண்டு மணிக்கு ஆறாம் மண்டலத்தார் தங்கள் கதையைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரு மணிக்குக் கடைசியாக ஏழாம் மண்டலம். ஒரு தடவை பதிவுசெய்து வைத்து ஒலிபரப்பிப் பார்த்தார்கள். அன்றைக்கென்று, மந்திரி முந்தின நாள் திறந்து வைத்த பாலம் பத்து மணிக்கு விழுந்துவிட்டது. பதினொரு மணிக்கு ஐந்தாம் மண்டலத்தில் அதன் உறுதியைப் பற்றி நாங்கள் பாராட்டிக்கொண்டிருந்தோம். அதோடு பதிவு வேண்டாம், எல்லாம் நேரடி என்று உத்தரவு வந்தது.

நான் ஒலிப்பதிவுக்காரன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஏழுமணி. பத்தொன்பது வருஷம் அப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். மைக்கில் அவர் பேசியதில் நூறில் ஒரு பங்குகூட மனிதர்களிடம் பேசியிருக்க மாட்டார். நாட்டில் முக்கால்வாசிப் பேர் அவர் குரலில்தான் கண் விழித்தார்கள். அவருக்கு வணக்கம் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இல்லை. ஒரு வரன் வந்ததாகக் கேள்வி. மாப்பிள்ளை வீட்டாரிடம், “மத்தியானம் ஒரு மணிக்கு நான் ஸ்டூடியோவுல இருக்கணும், லீவு நாள்லயும்” என்றாராம். அவர்கள் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள்.

லீவு நாளிலும் என்று சொன்னது பேச்சுக்கு இல்லை. வாரத்தில் ஒரு நாள் அவருக்கு ஓய்வு, மாற்று ஆள் வருவான். அன்றைக்கும் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இந்த அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார். மாற்று ஆள் சந்தோஷமாக எழுந்து சாப்பிடப் போய்விடுவான். ஏழாம் மண்டலம் என்றால் என்ன, மரமும் மழையும் உள்ள ஒற்றை மாகாணம், ஜனத்தொகையை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று நாங்கள் கேலி செய்வோம். கேலியை அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அந்த நேரத்துக்கு மாடி முழுக்கக் காலியாக இருக்கும். எல்லாரும் கேன்டீனில். அவருடைய சாப்பாட்டு டப்பா என் மேஜையில் திறக்காமல் இருக்கும். மற்ற மண்டலங்களுக்கு உட்கார்ந்தபடி வாசிப்பவர், இதற்கு மட்டும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரும்ப உட்காருவார்.

எனக்கு எரிச்சல் மூட்டிய விஷயம் வேறு. ஏழு மணிச் செய்தி என்று பெயரே தவிர, ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னால் தொடங்கி ஏழு அடிக்கும்போது முடியும், முடிந்ததும் நேரம் சொல்ல வேண்டும். “முதல் மண்டலத்தில் இப்போது நேரம், காலை ஏழு மணி.” மணிச் சத்தத்தோடு அச்சாகப் பொருந்தும், ஒரு நூல் பிசகாது. ஏழாம் மண்டலத்துக்கு மட்டும் ‘இப்போது நேரம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டு மூச்சு சும்மா இருப்பார். சத்தத்தின் அளவைக் காட்டுகிற என் மீட்டரில் முள் படுத்துவிடும். ஒலிபரப்பில் முள் படுத்தால் என் கை தானாக லைனைச் சோதிக்கப் போகும்.

“ஏம்மா, தூங்கிட்டீங்களா? லைன் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்” என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

“மணி தப்பாச்சாண்ணா?” என்று கேட்டார்.

“மணி தப்பாகல. நடுவுல ஏன் வாய மூடறீங்கன்னு கேக்கறேன்.”

“மணி தப்பாகலன்னா சரிண்ணா” என்று டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படிப்பட்ட ஆளிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

காரணம் தெரிந்தது ஒரு மழைக்காலத்தில். அவருக்குக் கடும் காய்ச்சல், காலையில் வரவில்லை. ஒரு மணிக்கு மட்டும் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாசித்து முடித்ததும் எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நானே ஒரு வண்டி பிடித்து அவருடைய அறைக்குக் கூட்டிப் போனேன். மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஓர் அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். சுவரில் கடிகாரம் இல்லை. “நாள் பூரா மணி சொல்லிட்டு, வீட்டுலயும் அது மூஞ்சியில முழிக்கணுமாண்ணா?” என்றார். படியேறி வந்ததில் எனக்குத் தொண்டை வறண்டது, தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கழுவி, தனக்கு ஊற்றிக்கொண்டு மாத்திரையைப் போட்டார். எனக்கு மனசே சரியில்லை.

காய்ச்சல் வேகமோ என்னவோ, அன்றைக்கு அவராகவே பேசினார்.

அவர் பிறந்தது ஏழாம் மண்டலத்தில், ஒட்டுப்பலகை மில் இருக்கிற ஓர் ஊரில். அப்பா மில் வாசல் காவல்காரர். காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதுவது அவர் பொறுப்பு. கடற்கரைச் சங்கு இல்லை, கைப்பிடியை இழுத்தால் ஊரே அதிர அலறுகிற மில் சங்கு. அதைக் கேட்டுத்தான் ஊர் எழுந்திருக்கும், அடுப்புப் பற்ற வைக்கும், எட்டு மணிக்கு வேலைக்கு வரும். மகள் தலைநகரத்துக்குப் போவதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வழியனுப்பினார். ஆனால் மகள் குரல் ரேடியோவில் வந்த முதல் நாளிலிருந்து மில் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். காவல் அறையில் ரேடியோ. மகள் ஏழு மணி என்றால் சங்கு.

“ஒரு நாள் போன்ல திட்டினாருண்ணா. நீ டக்குன்னு சொல்லிடற, நான் கைப்பிடியப் புடிக்கறதுக்குள்ள மணி ஆயிடுது, கொஞ்சம் மூச்சு விட்டுச் சொல்லுன்னு. அந்த ரெண்டு மூச்சு அவருக்குத்தான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனை நாள் திட்டியிருப்பேன்!

இனி அவர் சொன்ன மீதிக் கதை. அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. மகளோடு பேசும்போது எல்லா நேரத்தையும் தலைநகர் நேரமாக மாற்றியே சொல்வார். நாளெல்லாம் மணிக்கணக்குப் போடுகிற பெண்ணுக்கு நாமும் ஒரு கணக்கு வைக்க வேண்டாம் என்கிற பிரியம். மகளும் அதே பிரியத்தில், அப்பா சொல்வது அந்த ஊர் நேரம் என்று எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு மாற்றுவார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குழம்பி, கடைசியில் “என் நேரமாப்பா, உங்க நேரமா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அம்மா செத்துப்போன அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. அப்பா நிலையத்துக்குத் தொலைபேசி போட்டார். “அம்மா போயிட்டா பாப்பா. நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கறோம். வந்துடு.” அவ்வளவுதான், அதற்கு மேல் அழுகை. தலைநகரத்து நாலு மணி என்றால் அந்த ஊரில் காலை பத்து. மகள் அந்த ஊர் நாலு மணி என்றே நினைத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு விமானம் இருந்தது. அதில் ஏறியிருந்தால் எந்தக் குழப்பமும் பலித்திருக்காது. ஆனால் மாற்று ஆள் ஊரில் இல்லை. மறுநாள் ஏழாம் மண்டலத்தையும் முடித்துவிட்டு மத்தியான விமானத்தில் போனாலும் இரண்டு மணிக்குப் போய்விடலாமே, நாலு மணிக்குத்தானே என்று அதிகாரி சொன்னார். இவரும் சரி என்றார்.

மறுநாள் காலை அந்த ஊர் ஏழு மணிக்கு, வீட்டுக் கூடத்தில் அம்மாவைக் கிடத்திவிட்டு அப்பா சங்கு ஊத மில்லுக்கு வந்திருக்க, காவல் அறை ரேடியோவில் மகள் குரல் கேட்டது. “ஏழாம் மண்டலத்தில் இப்போது நேரம், காலை ஏழு மணி.” இன்னும் தலைநகரத்தில்தான் இருக்கிறாள், வரமாட்டாள் என்று அப்பாவுக்கு அப்போது தெரிந்தது. அன்றைக்கும் சங்கை ஊதினார். பத்து மணிக்கு எடுத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமே என்று சித்தி சொன்னதற்கு, “அவளுக்கு ரேடியோதான் முக்கியம்” என்றாராம். இரண்டு மணிக்கு மகள் போய் இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

“வாசல்லயே நின்னாருண்ணா. ‘ஊருக்கெல்லாம் மணி சொல்ற. பெத்தவளுக்கு ஒரு மணி உனக்குத் தெரியலயா?’ன்னார்.”

“நேரம் குழம்பிடுச்சுன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?” என்றேன்.

“சொன்னா அவர் மேல பழி போட்ட மாதிரி ஆயிடும்ணா. எனக்காகத்தான் மாத்திச் சொன்னாரு. அதோட, முந்தின நாளே நான் கெளம்பியிருக்கலாம். அது நெசந்தானே?”

அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். குரலைக் கேட்டதும் அப்பா வைத்துவிட்டார். சரி, அத்தோடு முடிந்தது என்று பார்த்தால், சித்தி ஒரு நாள் சொன்னாளாம். மில்லில் புதிதாக மின்சாரக் கடிகாரம் மாட்டியும் உன் அப்பா அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை, இன்னமும் நீ மணி சொன்னால்தான் ஊதுகிறார், உன் மாற்று ஆள் வாசித்த ஒரு நாள் சங்கே ஊதாமல் நின்று மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று. அன்றிலிருந்துதான் இவர் லீவு நாளிலும் வர ஆரம்பித்தார். ஒரு வாக்கியம், இரண்டு மூச்சு. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான்.

அம்மா செத்துப் பதினொரு வருஷம் இப்படியே போயிற்று. பிறகு மேலிடத்தில் யாரோ ஒருவர் ரப்பரை எடுத்து வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்தார். ஏழாம் மண்டலத்தை ஆறாம் மண்டலத்தோடு சேர்ப்பதாக உத்தரவு. வங்கிக்கு வசதி, தந்தி அலுவலகத்துக்கு வசதி, இன்னும் என்னென்னவோ வசதி. மேற்குக் கோடிக்காரன் இனிமேல் ஒரு மணி நேரம் முன்னதாக இருட்டிலேயே எழுந்து தடுமாற வேண்டும், அதைப் பற்றி உத்தரவில் ஒரு வரி இல்லை. சேர்ந்த மண்டலத்துக்கு ஆறாம் மண்டல நிலையமே செய்தி வாசிக்கும். எங்கள் ஒரு மணிச் செய்தி நின்றுபோகும்.

“உங்களுக்கென்ன ஏழுமணி, இனிமே நேரத்துக்குச் சாப்பிடலாம்” என்று கேன்டீனில் ஒருவன் சொன்னான். அவன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

ஏழுமணி யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிய ஆள் இல்லை. அந்த வாரம் அதிகாரி அறைக்குப் போய் நின்றார். சேர்ந்த மண்டலத்துக்குத் தானே இங்கிருந்து நேரம் மட்டும் சொல்லட்டுமா, சம்பளம்கூட வேண்டாம் என்று கேட்டாராம். அதிகாரி கெட்டவர் இல்லை. “அம்மா, அது அவங்க நிலையம். அவங்க வீட்டு அடுப்புல நாம போய் சமைக்க முடியுமா?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். “நாளைக்கு நேரம் சொல்லி முடிச்சதும் நான் மைக்க மூட மாட்டேன். பத்து விநாடி. என்ன சொல்லணுமோ சொல்லுங்க. அப்பான்னு ஒரு வார்த்தை. என் வேலை போனா போகட்டும்.”

“அது அரசாங்க மைக்குண்ணா” என்றார்.

“அரசாங்கம் உங்க அப்பாவோட ஒரு மணி நேரத்தையே எடுத்துக்குது. நீங்க அதுகிட்டயிருந்து பத்து விநாடி எடுத்துக்கக் கூடாதா?”

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கடைசி நாள் வந்தது. மாடி காலி. அவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்து உட்கார்ந்தார். செய்தி, வானிலை, பிறகு அந்த அறிவிப்பு. நாளை முதல் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கவும், நாளை முதல் ஒலிபரப்பு ஆறாம் மண்டல நிலையத்திலிருந்து. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. “ஏழாம் மண்டலத்தில் இப்போது நேரம்,” என்றார். இரண்டு மூச்சு. “காலை ஏழு மணி.”

நான் மைக்கை மூடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினேன், சொல்லுங்க சொல்லுங்க என்று. வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மீட்டரில் முள் மட்டும் லேசாகத் துடித்தது, அவர் மூச்சு வாங்குவது அதில் தெரிந்தது. ஒரு மாகாணம் முழுக்க ஒரு பெண் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து விநாடி என்றவன் இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். பிறகு மூடினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வீசினேன்.

“வரலண்ணா” என்றார் வெளியே வந்து. “வேற எதுவும் சொல்ல வரல.”

மறுநாள் பதினொரு மணியோடு அவர் வேலை முடிந்துவிட்டது. நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, ஒரு மணிக்குக் கொஞ்சம் இருக்கையில், என் மேஜை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டப்பா திறக்காமல் மடியில். ஸ்டூடியோ விளக்கு அணைந்து கிடந்தது. வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்கவில்லை. அந்த அறையை நான் பார்த்திருக்கிறேனே, போய் என்ன செய்வார்? சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி ஆனது, தாண்டியது. அவர் அதைப் பார்க்காமல் டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜைத் தொலைபேசி அடித்தது. எக்ஸ்சேஞ்ச் பெண்.

“அண்ணே, யாரோ ஒரு பெரியவர் மூணு தடவை கூப்பிட்டுட்டார். மணி என்னன்னு கேக்கறார். நான் சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறார். மணி சொல்ற பொண்ணுகிட்ட குடுன்னு ஒரே சத்தம். என்னால முடியலண்ணே.”

“குடும்மா” என்றேன்.

“யாருய்யா அது?” என்றது ஒரு முரட்டுக் குரல், காது கிழிகிற மாதிரி. “இன்னைக்கு எவனோ ஒருத்தன் மணி சொல்றான். அவன யாரு கேட்டா? அந்தப் பொண்ணு எங்க?”

“ஐயா, நேத்தே அறிவிச்சோமே, உங்க மண்டலத்த ஆறாவதோட சேர்த்து...”

“அதெல்லாம் கேட்டேன். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.” பிறகு குரல் இறங்கியது. அதே ஆளா என்று சந்தேகப்படும்படி இறங்கியது. “நேத்து கடைசியில மூச்சு வாங்குச்சே. இன்னைக்கு ஆளக் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா? மறைக்காம சொல்லுங்க.”

நான் ரிசீவரை நீட்டினேன். அந்தக் காலத்து ரிசீவர், பெரியவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. ஏழுமணிக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார். டப்பா மடியிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது.

“ஹலோ” என்றார். அது வானொலிக் குரல் இல்லை. நான் கேட்டிராத ஏதோ சின்னக் குரல்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று பயந்தேன். இரண்டு தடவை வைத்த ஆசாமிதானே.

“மணி என்ன?” என்றார் பெரியவர்.

ஏழுமணி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாய் திறந்து, “என் நேரமாப்பா, உங்க நேரமா?” என்றார்.

நாட்டில் எல்லாரும் தினமும் நூறு தடவை கேட்கிற கேள்விதான். அப்பாவும் மகளும் பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கேட்காமல் விட்ட கேள்வி. தூரத்தில் அங்கே யாரோ கத்துவது மட்டும் கேட்டது.

“அன்னைக்கு நாலு மணின்னு சொன்னேனே,” என்றார் கடைசியில். “உன் நேரத்துலதானே சொன்னேன்?”

“ஆமாம்ப்பா.”

“நீ...”

“நான் உங்க நேரம்னு நெனச்சுட்டேன்ப்பா.”

பெரியவர் மூக்கை உறிஞ்சினார். “அப்பவே சொல்ல என்ன கேடு உனக்கு?”

“முந்தின நாளே கெளம்பியிருக்கணும்ப்பா. என் மேலயும்தான் தப்பு.”

“வாயில வார்த்தை வராதே உனக்கு. உங்கம்மா மாதிரியே.” பிறகு யாரிடமோ திரும்பிக் கத்தினார். “இருய்யா, ஊதறேன். உன் மில்லு ஓடியா போயிடும்?” மறுபடி இந்தப் பக்கம். “எட்டாயிடுச்சுன்னு மேனேஜர் தலைமேல நின்னு குதிக்கறான். ஊரே இன்னும் எழுந்திருக்கல. எனக்கு அந்த எட்டும் தெரியாது, எவனோ சொல்ற ஏழும் தெரியாது. நீ சொல்லு பாப்பா. கைப்பிடியப் புடிச்சுட்டேன்.”

ஏழுமணி இடது கையால் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். முதுகை நிமிர்த்தினார். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன, ஆனால் குரல் சுத்தமாக வந்தது.

“ஏழாம் மண்டலத்தில் இப்போது நேரம்,” என்றார்.

இரண்டு மூச்சு.

“காலை ஏழு மணி.”

ரிசீவரில் அந்தச் சங்கு அலறியது. நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, எங்கள் காலி மாடியில், அணைந்த ஸ்டூடியோவுக்கு வெளியே அலறியது. பத்தொன்பது வருஷம் அந்தச் சங்குக்கு மணி சொன்னவர், வீட்டை விட்டு வந்த பிறகு அதைக் கேட்டது அன்றைக்குத்தான். ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று பத்து. அந்த ஊரில் சட்டப்படி எட்டு பத்து, பழைய கணக்கில் போட்டாலும் ஏழு பத்து. ஏழாம் மண்டலம் என்று ஒன்று நாட்டிலேயே இல்லை. என் சர்வீஸில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே தப்பான நேரம் அது.

சங்கு நின்றது.

“கேட்டுச்சா?” என்றார் பெரியவர்.

“கேட்டுச்சுப்பா.”

“சாப்ட்டியா?”

“இன்னும் இல்லப்பா.”

“உனக்கு மணி ஒண்ணு தாண்டிருச்சே. போய்ச் சாப்புடு” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஏழுமணி கொஞ்ச நேரம் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றார். பிறகு குனிந்து டப்பாவைத் தேடி எடுத்தார். ஒரு பக்கம் நெளிந்திருந்தது, மூடி திறக்க மாட்டேன் என்றது. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். என் மேஜையிலேயே உட்கார்ந்து, ஆறிப்போன சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.